ஜேம்ஸ் பாண்ட் படங்களில் வரும் கருவிக் கார்களால் அந்தக் கம்பெனிகளுக்கு உண்மையிலேயே பெயர் கூடியதா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. ஒற்றர் படங்களில் துப்பாக்கியும் புகையும் கக்குகிற கார்கள் வருகின்றனவே, அவற்றால் அந்தக் கார் கம்பெனிகளின் மதிப்பு நிஜமாகவே உயர்ந்ததா, இல்லை எல்லாம் விளம்பரச் சத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொழும்பில் மார்க்கெட்டிங் படிக்கிற பிள்ளை, அசைன்மென்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் விமர்சகன் இல்லை. அஸ்டன் மார்ட்டினைக் கையால் தொட்டதும் கிடையாது. மலையகத்தில், ஹட்டனில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். அலாரம், ரிமோட், ரிவர்ஸ் கேமரா, ஃபொக் லைட், பாட்டு செட் என்று வண்டிக்கு வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து பூட்டினாலும் அது என் வேலைதான். "வயரிங்காரனுக்கு பிராண்ட் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது வருவார்கள், வரட்டும். ஆனால் கருவி பூட்டின கார் என்ற ஒரே விஷயத்துக்காக இந்த மலையில் என்னளவுக்குப் பேச்சு வாங்கினவன் இன்னொருவன் இருக்க மாட்டான்.

பதிலைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், பெயர் கூடியது. பெயர் கூடின அளவுக்குப் பணம் கூடவில்லை. கருவியால் கூடியதா என்று கேட்டால், பார்க்கிறவன் கண்ணில் படுகிற கருவியால் மட்டும்தான்.

1964இல் வந்த கோல்ட்ஃபிங்கர் படத்து அஸ்டன் மார்ட்டின் டி.பி. 5தான் இந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் மூத்தது. முன்னால் லைட்டுகளுக்குப் பின்னே மறைந்திருக்கும் துப்பாக்கிகள், பின்கண்ணாடிக்கு வெளியே எழும்பும் குண்டு துளைக்காத தகடு, ரோட்டில் எண்ணெய் கொட்டும் குழாய், புகை, சக்கரத்தின் நடுவிலிருந்து நீண்டு பக்கத்து வண்டியின் டயரைக் கிழிக்கிற கத்தி. எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கூரை வழியாக வெளியே எறிகிற சீட். அதன் சிவப்பு பட்டன் கியர் லீவரின் தலைக்குள், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். கென் ஆடம் என்ற வடிவமைப்பாளர் யோசிக்க, ஜான் ஸ்டியர்ஸ் என்ற மனிதர் செய்து பூட்டினார். என் பார்வையில் அந்தப் படத்தின் கதாநாயகன் ஸ்டியர்ஸ்தான். பாண்டாக நடித்த ஷோன் கானரியின் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம்.

சுழலும் நம்பர் பிளேட் யோசனை இயக்குநர் கை ஹாமில்டனுடையது. கண்ட இடத்தில் காரை நிறுத்தி அடிக்கடி அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர், பிளேட் மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். நம் நாட்டில் நம்பர் பிளேட் அப்படி விளையாட்டாக யோசிக்கிற சமாச்சாரம் இல்லை. 1958இல் பிளேட்டில் இருந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு வடக்கில் தார் பூசினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் எங்கே போய் முடிந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சரி, அது வேறு கதை.

அந்தக் கருவிக் காரைப் படம் முடிந்த பிறகு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டு, 1968இல் சாதாரணப் பழைய கார் மாதிரி விற்றுவிட்டது. உலகத்திலேயே பேர் போன கார், விற்கிற நேரத்தில் கருவி இருந்தால் இடைஞ்சல் என்று நினைத்திருக்கிறார்கள். வாங்கினவர் மறுபடியும் கருவிகளைச் செய்து பூட்டிக்கொண்டார். கடைசியில் 1997இல் அமெரிக்காவில், புளோரிடா பக்கம் ஒரு விமானக் கொட்டகையில் வைத்திருந்த இடத்திலிருந்து அதைத் திருடிக்கொண்டு போனார்கள். அத்தனை கருவி இருந்தும் ஒரு நல்ல அலாரம் இல்லை போலிருக்கிறது. அதே படத்தில் ஓடின இன்னொரு டி.பி. 5ஐ 1969இல் ஓர் அமெரிக்கர் 12,000 டாலருக்கு வாங்கினார். 2010இல் லண்டன் ஏலத்தில் அது 26 லட்சம் பவுணுக்குப் போனது.

இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமில்லை. இங்கிலாந்தில் ஒருவர் வயரை வெட்டினால் 26 லட்சம் பவுண். ஹட்டனில் நான் வெட்டினால் "வயர் வெட்டின வண்டி". இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வசவு அது. வண்டி பார்க்க வருகிறவன் கூட்டிவருகிற பாஸ், அதாவது மெக்கானிக், முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரைத்தான் கழற்றுவார். உள்ளே ஒரு கறுப்பு டேப்பைக் கண்டால் போதும், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "கம்பெனி வயரிங் இல்ல" என்பார். அங்கேயே விலை இறங்க ஆரம்பித்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2010க்குக் கிட்ட இருக்கும். லிந்துலைப் பக்கத்து முதலாளி ஒருவர், நிசான் சன்னி எஃப்.பி. 15 வைத்திருந்தார். வெள்ளை, ஓட்டோ கியர், நல்ல வண்டி. முதல் நாள் இரவு டீ.வி.யில் டுமாரோ நெவர் டைஸ் படம் பார்த்திருக்கிறார். பாண்டாக வருகிற பியர்ஸ் பிராஸ்னன் பின் சீட்டில் படுத்துக்கொண்டு, கையிலிருக்கிற எரிக்சன் போனை விரலால் தடவியே பி.எம்.டபிள்யூ. 750ஐ கார் பார்க் முழுக்க ஓட்டுவாரே, அந்தப் படம்.

காலையிலேயே கராஜுக்கு வந்துவிட்டார். "தம்பி, நம்ம வண்டியையும் போன்ல ஓட்ற மாதிரி செஞ்சு குடு."

"ஓடாது முதலாளி. படத்துலயும் போன்ல ஓடல. பின்னால ஒரு டிரைவர் ஒளிஞ்சிருந்து, டீ.வி.யப் பாத்துக்கிட்டுத்தான் ஓட்டியிருக்கான்."

"அப்ப ஸ்டார்ட்டாவது ஆகுமா?"

"அது ஆகும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ரிமோட் ஸ்டார்ட் உள்ள அலாரம் பூட்டினேன். இதை வாசிக்கிற பையன்கள் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஹேண்ட் பிரேக் வயரையும் கியர் நியூட்ரல் வயரையும் அதில் கோர்க்காமல் ரிமோட் ஸ்டார்ட் பூட்டிவிடாதீர்கள். சமதரையில் வேண்டுமானால் தப்பலாம். இங்கே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேல் சரிவில் நிற்கிற வண்டி ஆளில்லாமல் ஸ்டார்ட் ஆகி உருண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வண்டிக்கு அடியில் நீல லைட் கேட்டார். பூட்டினேன். ரிவர்ஸ் போட்டால் பாட்டு. பூட்டினேன். வெயில் மறைப்புக்குள் மடித்துவைக்கிற சின்னத் திரை, பின்னால் ஒரு கேமரா. அதுவும் சரி. கடைசியில் பின்னாலிருந்து புகை வேண்டும் என்றார். "முதலாளி, நானுஓயா ஏத்தத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நீங்க கேக்காமலே புகை வரும், முன்னாடி போறவன் பின்னாடி வர்றவன் யாரையுமே தெரியாது" என்றேன். அதோடு புகைச் சான்றிதழ் வேறு வந்துவிட்ட காலம். விட்டுவிட்டார்.

நானாக ஒன்று சேர்த்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே, கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி ஒரு ரகசிய சுவிட்ச். அதை அணைத்துவிட்டால் பெற்றோல் பம்ப்புக்குக் கரண்ட் போகாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், குழாயில் மிச்சம் இருக்கிற பெற்றோலில் கொஞ்ச தூரம் போகும், நின்றுவிடும். மொத்த வேலையிலும் குறைந்த செலவு அதற்குத்தான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில், வாவிப் பக்கம் நிறுத்தியிருந்தபோது யாரோ வண்டியை எடுத்திருக்கிறார்கள். அடுத்த வளைவுகூடத் தாண்டவில்லை. பெற்றோல் இல்லாத வண்டி என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி எனக்கு ஒரு பெரிய கேக் வாங்கிவந்து கொடுத்தார். இருந்தாலும் ஊரில் அந்த சுவிட்ச்சைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசினதெல்லாம் நீல லைட்டையும் ரிவர்ஸ் பாட்டையும் பற்றித்தான். கல்யாணத்துக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்று கொட்டகலையிலிருந்தெல்லாம் ஹயர் வந்தது. "பாண்ட் கார்" என்றே பெயர் வந்துவிட்டது.

பிறகு மகளின் படிப்புச் செலவுக்காக விற்க வந்தார். வாங்க வந்தவர் வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர். கூடவே ஒரு பாஸ். கவர் கழன்றது. நான் ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, தனித்தனி ஃபியூஸ் கொடுத்திருந்தேன். கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் குறை சொல்ல இடமில்லாத வேலை. பாஸ் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வெட்டியிருக்கு" என்றார். அவ்வளவுதான். பேசின விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் இறங்கியது. அதற்கும் மேல், எல்லாவற்றையும் கழற்றித் தந்தால்தான் எடுப்பேன் என்று நிபந்தனை. கழற்றினேன். சுவிட்ச்சையாவது வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொன்னேன். கேட்கவில்லை. கல்யாண ஹயரில் முதலாளி சம்பாதித்ததையும் விற்கும்போது இழந்ததையும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருந்திருக்கும்.

அடுத்த வருடமே அந்த வியாபாரியின் மகன் அதே வண்டியோடு என் கராஜ் வாசலில் நிற்கிறான். "அண்ணே, அந்த நீல லைட்டயும் ரிவர்ஸ் பாட்டயும் திரும்பப் போட முடியுமா?" சுவிட்ச் பற்றிக் கேட்டேன். "அது எதுக்கு அண்ணே, யாருக்கும் தெரியாதே" என்றான். உங்கள் கேள்விக்கு அந்தப் பையன் சொன்னதைவிட நல்ல பதிலை நான் எழுதிவிடப் போவதில்லை.

இப்போது பெரிய கம்பெனிகளுக்கு வாருங்கள். அஸ்டன் மார்ட்டின், முதலில் கார் கொடுக்கவே தயங்கின கம்பெனி. அடுத்த வருடமே கோர்கி பொம்மைக் கம்பெனி தங்க நிறத்தில் அந்தக் காரைச் சின்னதாகச் செய்து விற்றது. சீட் பறக்கும், துப்பாக்கி நீளும். லட்சக்கணக்கில் விற்ற பொம்மை அது. நிஜமான டி.பி. 5 மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். அந்தப் பெயரை உண்டாக்கினதில் பாதி பங்கு பொம்மைக்கு என்று நான் அடித்துச் சொல்வேன். இவ்வளவு பெயர் இருந்தும் 1972இல் கம்பெனி கைமாறியது, 1974 முடிவில் கடனில் மூழ்கிக் கதவைச் சாத்தினார்கள், பிறகு யார் யாரோ காப்பாற்றி, 1987இல் ஃபோர்ட் உள்ளே வந்தது, 2007இல் ஃபோர்டும் விற்றுவிட்டுப் போனது. உலகமே கனவு காண்கிற கார், கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் சிவப்பு.

லோட்டஸ் கதை இன்னும் சுவாரசியம். அவர்களுடைய விளம்பர ஆள் புதிய எஸ்பிரிட் காரைப் பெயர்ப் பலகைகூட இல்லாமல் பைன்வுட் ஸ்டூடியோவில் படக் கம்பெனியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவைத்தார். வந்து போகிறவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள், படக்காரர்களும் பார்த்தார்கள். அப்படித்தான் 1977இல் அது கடலுக்குள் நீந்துகிற கார் ஆனது. அந்த நீர்மூழ்கி மாதிரியைப் பின்னாளில் 2013 ஏலத்தில் ஈலோன் மஸ்க் வாங்கினார். ஆனால் 1982இல் நிறுவனர் காலின் சாப்மன் இறந்தபோது கம்பெனியே ஆட்டம் கண்டிருந்தது. 1986இல் ஜெனரல் மோட்டர்ஸ் வாங்கிவிட்டது. நீந்தின கார் கம்பெனியைக் கரை சேர்க்கவில்லை.

காசு பார்த்தது பி.எம்.டபிள்யூ.தான். 1995இல் கோல்டன் ஐ படத்தில் அவர்களுடைய இஸட் 3 வந்து நிற்கும், கொஞ்சம் ஓடும், ஏவுகணை இருக்கிறது என்று வாயால் சொல்வார்கள். ஒன்றையும் சுட்டுக் காட்டவில்லை! வயரிங்காரனாகப் பார்த்தால் எனக்கு அது பெரிய ஏமாற்று. ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, படம் வருகிற அதே நேரத்தில் காருக்கு ஓர்டர் எடுக்கத் தொடங்க வேண்டும், சாதாரண மனிதன் லீசிங் போட்டாவது வாங்குகிற விலையில் இருக்க வேண்டும் என்று. அஸ்டனிடம் ஆசை இருந்தது, வாங்குகிற விலை இல்லை.

கருவி அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2002இல் வந்த டை அனதர் டே சாட்சி. அஸ்டன் வான்குவிஷ் கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துவிடும். உலகமே சிரித்தது. கண்ணுக்கே தெரியாத காரை வைத்து எதை விற்கப்போகிறார்கள்? எண்ணெய் கொட்டுகிறது, தகடு எழும்புகிறது என்றால் அதில் ஒரு மோட்டர், ஒரு ரிலே, ஒரு குழாய் என்று மனம் நம்பிக்கொள்கிறது. அடுத்த படத்திலேயே கருவிகளை எல்லாம் சுருக்கி, மருந்துப் பெட்டி ஒன்றும் துப்பாக்கி ஒன்றும் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே 2006 படத்தில் பாண்ட் ஒரு ஃபோர்ட் மொண்டியோவும் ஓட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் இருக்காது.

டொயோட்டாவுக்கும் ஒரு பாண்ட் கார் உண்டு. 1967 படத்தில் வந்த 2000 ஜி.டி. கானரி உயரமானவர், உள்ளே அடங்கவில்லை என்று கூரையையே வெட்டி எடுத்தார்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் டொயோட்டா என்றால் பத்துப் பேரும் தலையாட்டுவார்கள். அவர்களுடைய டொல்பின் வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் சூடாகாமல் ஏறி வந்ததே, அதைப் பார்த்து வந்த மதிப்பு. லேண்ட் ரோவர் என்றால் எங்கள் பெரியவர்களுக்குத் தோட்டத்தை நிர்வகித்த துரை ஞாபகம்தான் வரும், அந்தச் சத்தம் கேட்டால் மலையில் பேச்சு நின்றுவிடுமாம். அதுவும் ஒரு பிராண்ட்தான், எந்தப் படமும் தேவைப்படவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரை கார் வராமல் இருந்ததே, அப்போது வயர் வெட்டின வண்டி, கதவு துருப்பிடித்த வண்டி எல்லாம் வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் போனது. அந்த ஐந்து வருடமும் எந்தப் பாஸும் கவரைக் கழற்றிப் பார்க்கவில்லை. பற்றாக்குறை வந்தால் பிராண்டாவது மண்ணாவது.

பெயர், மதிப்பு என்று பேசுகிறோமே, உலகத்திலேயே பெரிய பெயர் ஒன்று எங்கள் வாசலில்தான் வளர்கிறது. சிலோன் டீ. பெட்டியில் சிங்கம் வாள் பிடித்துக்கொண்டு நிற்கும். லண்டனில் அதைக் கண்ணாடிக் கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் படமெடுத்து அனுப்புவார்கள், பெருமையாக இருக்கும். என் அம்மா அந்தக் கொழுந்தைப் பறித்தே முதுகு வளைந்தவர். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்ற ஒன்றைக் காண்பதற்கு 2021 வரை தோட்டத் தொழிலாளர்கள் கத்த வேண்டியிருந்தது. அந்தச் சிங்கத்தின் மதிப்பை உயர்த்துவது பற்றிக் கொழும்பு ஹோட்டல்களில் கூட்டம் போடுகிறார்கள், லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றுவது பற்றிப் பேச்சில்லை. கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. பிராண்ட் இமேஜ் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு இந்தக் கோபம் வந்துவிடுகிறது.

சரி, அசைன்மென்டுக்கு வருவோம். எல்லாரும் டி.பி. 5ஐப் பற்றித்தான் எழுதுவார்கள். நீங்கள் இஸட் 3ஐ எடுத்து, திரையில் ஒன்றுமே செய்யாத கார் எப்படி விற்றது என்று எழுதுங்கள், பக்கத்திலேயே லோட்டஸை வையுங்கள். ஒருவேளை படிப்புக்காக இல்லாமல், படம் பார்த்துவிட்டு நிஜமாகவே பழைய பி.எம்.டபிள்யூ. ஒன்று வாங்குகிற எண்ணத்தில் கேட்டிருந்தீர்களானால், காசு கொடுக்கும் முன் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரைக் கழற்றிப் பாருங்கள். டேப்பைக் கண்டதும் ஓடிவிடாதீர்கள். டேப்பைப் பிரித்து, உள்ளே ஈயம் வைத்திருக்கிறதா, ஒவ்வொரு வயருக்கும் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலைக்காக விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.